சட்டியில் ஏறிய பெயர்

ஆட்டத்தில் தோற்ற சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு வெளியே அடித்திருக்கும் எங்கள் கூடாரத்தில் யாரும் உடனே வாயைத் திறக்க மாட்டார்கள். அடுப்பில் கறியைத் திருப்புவார்கள், ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு பீர் தேடுவார்கள், ஷூவில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்ப்பார்கள். பிறகு ரஃபஸ் ஒரு கெட்ட வார்த்தை சொல்வான். அதோடு ஆரம்பித்துவிடும்.

இந்தத் தடவை அவன் சொன்ன வார்த்தை என் மகனைப் பற்றியது. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. மன்னிச்சுக்கங்க வெர்னா அக்கா, ஆனா நீங்களும் பாத்தீங்கல்ல என்றான். பார்த்தேன். அவன் பார்க்காததையும் சேர்த்துப் பார்த்தேன். என் கோபமே அதுதான்.

எங்கள் ஊர் ஃபுட்பாலில் காலுக்கு வேலை கம்மி. தோளுக்கும் தலைக்கும்தான் வேலை. என் மகன் கோல்பி, வார்டெல் ஸ்டேட் கல்லூரிக்கு முன்வரிசையில் இடப்பக்கம் குனிந்து நிற்பவன். பந்தை அவன் தொடவே மாட்டான். எதிரே நிற்பவனை முட்டித் தள்ளி, பின்னால் பந்தோடு வருபவனுக்கு வழி செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒழுங்காகத் தள்ளும்வரை அவன் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு தடவை பிசகினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அன்றைக்குத் தெரிந்துவிட்டது. கிம்ப்ரோ கல்லூரிக்காரர்கள் எங்களைவிட நாலு புள்ளி முன்னால் இருந்தார்கள். ஆட்டம் முடியப் போகிறது. பந்து எங்களிடம், அவர்கள் கோட்டுக்கு மிக அருகில், அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. அது கடைசி முயற்சி. அரை கஜம் நகர்ந்தால் போதும், மேலும் முயற்சிகள் கிடைக்கும், ஜெயித்திருப்போம். நகராவிட்டால் பந்து அவர்கள் கைக்குப் போய்விடும். கோல்பியின் தோளுக்குப் பின்னால் ஓடப் போகிறார்கள் என்பது மைதானத்தில் இருந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்தது. எல்லாரும் குனிந்து, பந்தெறிகிறவன் கத்துகிற எண்ணிக்கைக்காகக் காத்து நின்றார்கள். பந்து இன்னும் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. அதற்குள் கோல்பி தனியாக முன்னால் பாய்ந்தான். விசில். தண்டனை, ஐந்து கஜம் பின்னால். அரை கஜமாக இருந்தது ஐந்தரை கஜமானது. அதற்கப்புறம் எறிந்த பந்தை கிம்ப்ரோ பையன் ஒருத்தன் கையால் தட்டிவிட்டான். கதை முடிந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் மைதானத்துக்கு இரும்புச் சட்டி கொண்டுவருவார்கள். முட்டை பொரிக்கிற கனத்த சட்டி, கூடவே ஒரு கரண்டி. எதிராளி கையில் பந்து இருக்கும்போது மைதானமே அதிரும்படி தட்டுவோம், அவனுக்கு அவன் ஆள் கத்துவது கேட்கக் கூடாது. எங்கள் பையன்கள் கையில் பந்து வந்துவிட்டால் சட்டியைப் பெஞ்சில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட வேண்டும். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட அமைதியில், கோல்பி பாய்வதற்கு ஒரு கணம் முன்னால், ஒரே ஒரு சட்டி ஒரே ஒரு தடவை 'டங்' என்றது.

அது என் வீட்டுக்காரர் ஹார்லனுடைய சட்டி. அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை, நின்றார். மகன் தோளை நம்பித்தான் கோச் கடைசி முயற்சியைக் கொடுத்திருக்கிறார் என்று பூரிப்பு தாங்கவில்லை. கரண்டி தானாகப் போய்விட்டது என்று பிற்பாடு சொன்னார். கரண்டி எங்காவது தானாகப் போகுமா? எங்கள் இருக்கை அந்தக் கோடியில், கூடாரத்து ஆட்களுக்கு எட்டத்தில், கோல்பிக்கு நேர் மேலே. அவனுக்குக் கேட்காமல் இருக்க வாய்ப்பே இல்லை.

வேறொரு பையன் என்றால் அந்தச் சத்தம் ஒன்றும் செய்திருக்காது. கோல்பியைச் செய்யும். எட்டு வயதில் அவனை எங்கள் கொல்லைப்புறத்தில் குனிய வைத்து, மரத்தில் கட்டிய பழைய மெத்தையில் முட்டப் பழக்கினார் இந்த மனிதர். எப்போது பாய வேண்டும் என்பதற்கு அடையாளம் வேண்டுமே. அடுக்களையிலிருந்து சட்டியை எடுத்துக்கொண்டு போய் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தட்டு. தட்டினால் பாய். தட்டாவிட்டால் அசையாதே. மழையிலும் பனியிலும் வருஷக்கணக்காக. குழம்பு கொதிக்கிற சத்தத்தைவிட அந்த 'டங்'கைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்தபிறகு அவன் ஆயிரம் சட்டிச் சத்தம் கேட்டிருப்பான், ஆனால் அதெல்லாம் எதிராளி கையில் பந்து இருக்கும்போது. அப்போது இவன் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். குனிந்து, கையைத் தரையில் ஊன்றி நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். மூளைக்கு எட்டும் முன் உடம்பு பாய்ந்துவிட்டது.

இது மொத்தமும் எனக்குத் தெரியும். ஹார்லனுக்கும் தெரியும். விசில் ஊதியதும் அவர் சட்டியை மெதுவாகப் பெஞ்சுக்கு அடியில் தள்ளியதை நான் பார்த்தேன்.

கூடாரத்துக்கு வந்தால் மார்க் போட வேண்டும். அது எங்கள் வழக்கம். பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருத்தரையும் பற்றி வாயாலேயே சொல்லிக்கொண்டு போவார்கள், ஜெயித்தால் சிரிப்பும் கும்மாளமுமாக, தோற்றால் பல்லைக் கடித்துக்கொண்டு. ரஃபஸ் டயர் கடை வைத்திருப்பவன், ஒரு நாளும் இந்த ஆட்டம் ஆடியதில்லை, கூடாரம் அவனுடையது என்பதால் அவன்தான் நீதிபதி. கோச்சுக்கு நாலு போட்டான். பந்து எறிகிற பையனுக்கு ஐந்து. டாட்டி ஓய்வுபெற்ற நர்ஸ், யாரையும் திட்ட மனம் வராதவள். அவள்கூட அன்றைக்குப் பந்தெறிகிறவன் கையில் வெண்ணெய் தடவியிருந்தானா என்று கேட்டாள். மார்வின் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோச்சுக்கு நாலே அதிகம் என்று ரஃபஸோடு சண்டை பிடித்தான். நாலு மார்க் வாங்குகிறவனுக்கு இவ்வளவு பெரிய வீடா என்று கத்தினான்.

மார்க் போட்டு முடிந்ததும் ஒரு பெயர் எழுத வேண்டும். கூடாரத்து வாசல் கம்பத்தில் விரிசல் விட்ட சட்டி ஒன்று தொங்கும். யாரால் தோற்றோமோ அவன் பெயரை வெள்ளைப் பெயின்டில் அதில் எழுதுவார்கள். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் அழிப்பார்கள். ஆட்டக்காரப் பையன்கள் விடுதிக்கு நடந்து போகிற பாதை எங்கள் கூடாரத்து வாசல் வழியாகத்தான். போன வருஷம் டோபின் என்று ஒரு பையன், பந்தை உதைக்கிறவன். அவன் பெயர் ஏறியபிறகு கல்லூரி தொடர்ந்து தோற்றது. வாரா வாரம் அவன் தன் பெயரைத் தானே படித்துக்கொண்டு நடந்தான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு மனத் தெம்பு போதாது என்று இதே கூடாரத்தில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் எங்களுக்கு ஆட்டம் மாநிலத்திலேயே பெரிய கல்லூரியோடு. அதில் ஜெயிக்கப் போவதில்லை. அதற்கடுத்ததிலும் சந்தேகம்தான். கோல்பியின் பெயர் ஏறினால் இறங்குவதற்குள் பனி கொட்டிவிடும்.

மார்க் போடுவதில் முன்வரிசைக்கு வந்தார்கள். சட்டென்று எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஹார்லனைப் பார்த்தார்கள். அவர் அடுப்புப் பக்கம் நின்று இடுக்கியை வைத்துக்கொண்டு ஒரே துண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த இடம் வந்தால் ஒதுங்கிக்கொள்வார். என் பையன் விஷயம், நீங்களே போடுங்கப்பா என்பார். ரஃபஸ் நல்லபடியாகவே சொன்னான். "ஹார்லன் அண்ணே, இடப்பக்கத்துக்கு நாங்க வாயத் திறக்கல. நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க."

நான் அவரைப் பார்த்தேன். இதுதான் சந்தர்ப்பம். ஒரு வாக்கியம் போதும்.

"முட்டை" என்றார் ஹார்லன்.

மார்வின் விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்தான், விசில் வரவில்லை. டாட்டி என் முழங்கையைத் தொட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"முட்டை போடு. குனிஞ்சு நிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு மார்க்கு. காதுல விழறதுக்கெல்லாம் பாயுறவன் கல்லூரி டீம்ல எதுக்கு நிக்கணும்" என்றார் மறுபடியும். எனக்கு ரத்தம் கொதித்தது. காதில் விழுந்ததற்கெல்லாம் பாய்ந்தான் என்று வாய் கூசாமல் சொல்கிறார். விழ வைத்தது யார்?

பெற்ற அப்பனே முட்டை போட்டபிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம். கதவு திறந்துவிட்டது. கோல்பிக்குப் பொறுப்பு இல்லை, போன வருஷமே பார்த்தோம், இவன் இடத்தில் அந்த முதல் வருஷப் பையனைப் போட்டிருக்க வேண்டும், உடம்பு வளர்ந்த அளவுக்கு மூளை வளரவில்லை. நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். அந்த நேரத்தில் யாரோ சட்டியைக் கீழே போட்டார்கள் என்று மார்வின் ஒரு பேச்சுக்குச் சொன்னான். அதுக்குப் பயந்து பாய்வானா, குழந்தையா அவன் என்று ரஃபஸ் வாயை அடைத்துவிட்டான். ஒருத்தரும் ஹார்லனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரஃபஸ் வண்டிக்குப் போய்ப் பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான்.

நான் எழுந்து அடுப்புப் பக்கம் போனேன். சண்டை போடுகிற உத்தேசம்தான், ஆனால் குரலை அடக்கிக்கொண்டேன். "எழுதப் போறான். சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, தோற்றது தோற்றதுதானே என்றார். இந்தக் கூடாரத்தில் இத்தனை வருஷமாக நிற்கிறேன், மைதானத்தில் ஒரு ஆட்டம் தவறியதில்லை, நாளைக்கு என் மூஞ்சியைப் பார்த்து இவர்கள் சிரிப்பார்கள் என்றார். கோல்பி இளரத்தம், தாங்கிக்கொள்வான் என்றும் சொன்னார். அங்கேதான் எனக்குப் பொறுமை போனது.

"நீ தாங்க மாட்ட, அவன் தாங்கிக்கணும். அப்படித்தானே?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நீ என்று சொன்னதில்லை. "நீ இப்பச் சொல்லலன்னா, நான் சொல்லுவேன். நான் சொல்ற விதம் உனக்குப் பிடிக்காது."

இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். ரஃபஸ் பிரஷைப் பெயின்டில் தோய்த்துக்கொண்டிருந்தான். ஹார்லன் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படித்தான் சொன்னார். "தட்டினது நான்தான். அவன் சின்ன வயசுலேர்ந்து அந்தத் தட்டுக்குத்தான் பாய்வான். அவன் தப்பில்ல. என் பேர எழுது."

நான் எதிர்பார்த்தது திட்டு. உண்மையைச் சொன்னால் விரும்பினேன் என்றுகூடச் சொல்வேன். இவர்களிடம் அவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தது.

ஒருத்தரும் திட்டவில்லை. ரஃபஸ் பிரஷை டப்பாமேல் வைத்துவிட்டு எழுந்து வந்து ஹார்லனைத் தோளோடு அணைத்துக்கொண்டான். "அண்ணே, அப்பன் மனசு எனக்குத் தெரியாதா. எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு."

ஹார்லன் மறுபடி சொன்னார். ஆமாண்ணே ஆமாண்ணே என்றார்கள். டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு நல்ல மனுஷன் பாரு, மகன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று மார்வின் அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன், தட்டியது இவர்தான் என்று கத்தினேன். என்னையும் அதே கனிவோடு பார்த்தார்கள். அம்மா வேறென்ன சொல்வாள். அந்தக் கனிவைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தக் கூடாரத்தையே கொளுத்த வேண்டும்போல் இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். கட்டிப்பிடிக்கிறவனை என்ன செய்வது?

ரஃபஸ் முடிவாகச் சொன்னான். "நீங்க முதல்ல போட்டீங்களே முட்டை, அதுதாண்ணே மனசுலேர்ந்து வந்தது. இப்பச் சொல்றது பாசம். பாசத்த எல்லாம் சட்டியில எழுத முடியாது."

நான் பிரஷைப் பிடுங்கப் போனேன். மார்வின் குறுக்கே வந்து, அக்கா அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஹார்லன் நின்ற இடத்தில் நின்றார். ரஃபஸ் கம்பத்தருகே நின்று, நிதானமாக, பெரிய எழுத்தில், கோல்பி என்று எழுதினான். டயர் கடையில் விலை எழுதுகிற கை. அழகாகவே இருந்தது.

பெயின்ட் காய்வதற்குள் கோல்பி வந்தான். குளித்துத் தலையை வாரி, தோளில் பையோடு. கூட யாரும் இல்லை. மற்றப் பையன்கள் முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள் அல்லது அவனோடு நடக்கப் பிரியப்படவில்லை. வாசலில் நின்று சட்டியைப் படித்தான். இவ்வளவு நேரம் கிழி கிழியென்று கிழித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. ரஃபஸ் பிரஷை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். இந்த வயதில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு, பிரஷை ஒளிக்கிறான்.

"சாப்பிட வாடா" என்றேன். வேறென்ன சொல்ல வந்தாலும் அழுதுவிடுவேன்.

அவன் அசையவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ரஃபஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தம்பி, நாங்க ஒண்ணும் சொல்லலப்பா. அப்பாகிட்டதான் கேட்டோம். அவரே உனக்கு முட்டை போட்டாரு. அதுக்கப்புறம் நாங்க என்ன பண்ண?"

கோல்பி மெதுவாக ஹார்லன் பக்கம் திரும்பினான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. ஏதோ கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தான்.

"கோச் ஏன் பாஞ்சேன்னு கேட்டாருப்பா. எண்ணிக்கை தவறிடுச்சுன்னு சொன்னேன்."

நான் இவங்ககிட்ட சொல்லிட்டேண்டா, நம்ப மாட்டேங்கறாங்க என்றார் ஹார்லன். கோல்பி அதற்கெல்லாம் இளகியதாகத் தெரியவில்லை.

"முட்டை போட்டப்பறம் சொன்னீங்களா, முன்னாடியா?" என்றான்.

ஹார்லன் அடுப்பைப் பார்த்தார். கூடாரத்தில் அத்தனை பேர் நின்றோம். இப்போதுதான் மார்வின் மெல்ல ஹார்லனைப் பார்த்தான், பிறகு ரஃபஸை, பிறகு தரையை. கணக்கு வாத்தியாருக்கு அப்போதுதான் விடை வந்திருக்கிறது. ரஃபஸ் வாயைத் திறந்து மூடினான். துணியை எடுத்துக்கொண்டு, அழிச்சிடறேன் தம்பி, ஈரமாத்தான் இருக்கு என்று சட்டியை நோக்கிப் போனான்.

"இருக்கட்டும்ணே. பாஞ்சது நான்தானே" என்றான் கோல்பி. பிறகு அப்பாவிடம் சொன்னான். சத்தமில்லாமல், பால் வாங்கி வா என்கிற குரலில்.

"அடுத்த சனிக்கிழமை நீங்க வராதீங்கப்பா."

"சட்டிய வீட்டுலயே வச்சுட்டு வர்றேண்டா" என்றார் ஹார்லன். அவசரமாகச் சொன்னார்.

"சட்டி இல்லப்பா. நீங்க. மேல நீங்க உக்காந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா என் காது அங்கயேதான் இருக்கும். அம்மா வரட்டும். நீங்க ரேடியோல கேளுங்க."

தாடியில் நரை விழுந்த மனிதர், கோல்பி பிறப்பதற்கு முன்னாலிருந்து ஒரு ஆட்டம் தவறாதவர், அவன் பிறந்த அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிப் போய் இரண்டாம் பாதியைப் பார்த்துவிட்டு வந்தவர். சரி என்றார். இன்னும் எத்தனை வாரம் என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. ரொட்டித் துண்டுகளை அடுக்கி வைத்திருந்த மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் எங்கள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கோல்பிக்குத் தட்டில் கறி வைத்தேன். வாசலில் நின்றபடியே, தன் பெயருக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டான். கூடாரத்துக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து அவன் தட்டில் எதையாவது வைத்தார்கள். டாட்டி ஊறுகாய், மார்வின் சோளம். வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவர்கள் கைக்கு இப்போது ஏதாவது வேலை வேண்டும்.

வண்டியிலிருந்து ஹார்லன் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் வருவேன் என்று காத்திருக்கிறார், வந்து ஏதாவது ஆறுதல் சொல்வேன் என்று. எனக்குப் பாவமாக இல்லை. புதன்கிழமை வாக்கில் பாவமாக இருக்கலாம். கோல்பியின் தட்டு காலியாகியிருந்தது, இன்னொரு துண்டு எடுத்துவரப் போனேன்.